சரக்கும் துப்பாக்கியும்: ‘கொஞ்சமா குடிச்சா என்ன?’ என்ற கேள்விக்கு ஓர் எளிய விளக்கம்

துப்பாக்கி வைத்திருப்பவர் குடிக்கலாமா என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். “லைசன்ஸ் இருக்குல்ல, அப்புறம் என்ன?” என்பார் ஒருவர். “ரெண்டு பெக்குல என்ன ஆயிடப் போவுது, வண்டியே ஓட்டறோம்” என்பார் இன்னொருவர். “குடிச்சாலும் ஸ்டெடியா இருக்கறவன் கையில இருந்தா ஒண்ணும் ஆவாது” என்று மூன்றாவது ஆள் முடித்து வைப்பார். மூன்றும் தவறு. ஆனால் மூன்றும் வெவ்வேறு விதத்தில் தவறு என்பதால் ஒரே அதட்டலில் எல்லாவற்றையும் அடக்க முடியாது. சட்டம் எங்கே வருகிறது, உடம்பு எங்கே வருகிறது, இரும்பு எங்கே வருகிறது என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

இந்த இரண்டு மாவட்டங்களில் இது வெறும் சினிமாப் பேச்சும் இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் பயிர்க் காவலுக்கென்று லைசன்ஸ் வாங்கிய பழைய துப்பாக்கிகள் உண்டு. லைசன்ஸே இல்லாத நாட்டுத்துப்பாக்கிகளும் உண்டு. தாமாக முன்வந்து ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸும் வனத்துறையும் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வங்கியிலும் பணம் ஏற்றும் வண்டியிலும் கன்மேன் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேன்டீன் கார்டில் வரும் பாட்டிலும் டபுள் பேரல் துப்பாக்கியும் ஒரே பீரோவில் இருக்கும் வீடுகள் இங்கே அதிசயமில்லை. கிரானைட், ரியல் எஸ்டேட் என்று பணம் புழங்கும் தொழிலில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருப்பவர்களும் உண்டு. ஓசூரிலிருந்து அமெரிக்கா போன பிள்ளைகள் அங்கே பார்த்ததை வாட்ஸ்ஆப்பில் சொல்ல, அந்த ஊர்ச் சட்டமும் இந்த ஊர்ச் சட்டமும் ஒன்றாகக் கலந்து ஒரு குழப்பமான சாம்பாராகிவிடுகிறது.

மறைத்து வைப்பதா, மூடி வைப்பதா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கியைச் சட்டைக்கு உள்ளே, இடுப்பில், வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் போய்வரலாம். சில மாநிலங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். சிலவற்றில் அதுவும் வேண்டாம். இதைத்தான் மறைத்து எடுத்துச் செல்லுதல் என்கிறார்கள்.

நம் நாட்டில் அப்படியொரு தனி உரிமை கிடையாது. ஆயுதச் சட்டம் 1959-ம் ஆயுத விதிகள் 2016-ம்தான் இங்கே எல்லாம். லைசன்ஸ் தருபவர் மாவட்ட ஆட்சியர். வேடிக்கை என்னவென்றால், பொது இடத்தில் துப்பாக்கியைக் கொண்டுபோகும்போது அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று இந்த விதிகளே சொல்கின்றன. கைத்துப்பாக்கி என்றால் உறையில் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கான பையில் இருக்க வேண்டும். ஆக இங்கே வெளியே தெரியாமல் வைப்பது சலுகையல்ல, கட்டாயம். வெளியே எடுத்துக் காட்டுவதும் பந்தாவுக்கு மேலே பார்த்துச் சுடுவதும்தான் தடை.

அதே விதியில் இன்னொரு நிபந்தனை உண்டு. துப்பாக்கியைக் கொண்டுபோகிறவர் அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக் கூடிய நிலையில் இருக்க வேண்டும். நம் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நாற்காலியில் சாய்ந்து, இடுப்பில் உறையோடு தூங்கிக்கொண்டிருக்கும் மனிதரின் கட்டுப்பாட்டில் அந்தத் துப்பாக்கி இருக்கிறது என்று எந்த அதிகாரியிடம் சொல்ல முடியும்?

ஒரு குவார்ட்டருக்குள் இருக்கும் கணக்கு

அடுத்து, ‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு? இதற்கு ஒரே ஒரு அளவை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: ரத்த ஆல்கஹால் அளவு. 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறது என்பதே அது. வண்டி ஓட்டுபவருக்கு நம் நாட்டில் 30 மி.கி.தான் எல்லை. அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி வழக்கு.

டாஸ்மாக் கடையில் வாங்கும் பிராந்தி அல்லது ரம் குவார்ட்டர் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 180 மி.லி. என்றும், ஆல்கஹால் 42.8 சதவீதம் என்றும் போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மி.லி.; எடையில் சொன்னால் ஏறக்குறைய 61 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில், இடைவெளி விடாமல் குடித்தால் அவரது ரத்த ஆல்கஹால் அளவு தோராயமாக 130-லிருந்து 140 வரை போகும். வண்டி எல்லையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். பாதி, அதாவது ஒரு கட்டிங், அடித்தால்கூட 60-ஐத் தாண்டும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அதே அளவு சரக்கில் இது இன்னும் கூடும், ஏனென்றால் ஆல்கஹால் பரவுவதற்கு உடம்பில் இருக்கும் நீர் அவர்களுக்குக் குறைவு.

பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறாது என்பது பாதி உண்மை. ஆல்கஹாலின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. வயிற்றில் சோறு இருந்தால் அது சிறுகுடலுக்குப் போவது தாமதமாகும். ஏற்றமும் கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் குடித்தது எங்கேயும் மறைந்துவிடாது. இந்தத் தாமதத்தால் வருகிற வில்லங்கமும் உண்டு: ‘இன்னும் ஏறவே இல்லையே’ என்று அடுத்த ரவுண்டை ஊற்றிவிடுவார்கள்.

ஏறுவது சீக்கிரம், இறங்குவதுதான் மெதுவாக. தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெங்களூரிலிருந்து ஊருக்குத் திரும்பியவர்களுக்குக் கிருஷ்ணகிரி டோல்கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் எத்தனை ஆயிரம் வண்டி வந்து நின்றாலும், ஆரன் அடித்தாலும் கத்தினாலும், பூத் தன் வேகத்தில்தான் ஒவ்வொன்றாக அனுப்பும். கல்லீரலும் அப்படித்தான். ஆல்கஹாலை உடைக்கும் நொதி, அதாவது அந்த வேதிவேலையைச் செய்யும் புரதம், கல்லீரலில் ஓர் அளவுக்குத்தான் இருக்கிறது. கொஞ்சம் குடித்ததுமே அது முழு வேகத்தை எட்டிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மி.கி. வீதம்தான் ரத்த அளவு இறங்கும். மோர், எலுமிச்சம்பழம், கடுங்காப்பி, தலைக்குத் தண்ணீர் எல்லாமே வரிசையில் நின்றுகொண்டு ஆரன் அடிக்கிற வேலைதான். தூக்கம் கலையும், பூத் வேகம் மாறாது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ராத்திரி 10 மணிக்கு 135-ல் இருந்தவர் பூஜ்யத்துக்கு வர 9 மணி நேரம் வேண்டும். காலை 7 மணி. காட்டுப்பன்றி கடலைக்கொல்லையில் இறங்குவது அதற்கு வெகு முன்னாலேயே. அதிகாலை 4 மணிக்கு நாய் குரைக்கிறது, அவர் எழுந்து சுவரில் மாட்டிய துப்பாக்கியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத் தூங்கி எழுந்தாயிற்று, தெளிந்துவிட்டது என்று அவர் நினைக்கிறார். ரத்தத்தில் இன்னும் 45 இருக்கிறது. பைக்கை எடுத்தால் பிடித்து வழக்குப் போடுவார்கள். ஆனால் துப்பாக்கியை எடுப்பதைப் பார்க்க அந்த இருட்டில் யாரும் இல்லை.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால்: ‘கொஞ்சம்’ என்று நாம் நினைப்பது கணக்கில் கொஞ்சமே இல்லை, ‘நேத்து ராத்திரி’ என்று நாம் நினைப்பது பல சமயம் இன்னும் உடம்பில்தான் இருக்கிறது.

மூளையில் முதலில் போவது எது?

கால் தள்ளாடுவதையும் நாக்கு குழறுவதையும்தான் நாம் போதை என்கிறோம். ஆனால் அவை கடைசியில் வருபவை. மூளை நரம்புகளின் வேலையை அடக்கி வைக்கும் ரசாயனங்களும் உண்டு, தூண்டிவிடும் ரசாயனங்களும் உண்டு. ஆல்கஹால் முதல் வகையின் கையை ஓங்கச் செய்கிறது, இரண்டாவதை மட்டுப்படுத்துகிறது. எந்தப் பகுதி மிக நுட்பமான வேலை பார்க்கிறதோ அங்கே அதன் விளைவு முதலில் தெரிகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் ‘வேண்டாம், பொறு’ என்று சொல்லும் இடம். அங்கேதான் முதல் பெக்கே வேலை காட்டும். பின்தலையில் இருக்கும் சிறுமூளை, கை கால்களை ஒத்திசைத்து நடத்துவது; அதில் கோளாறு வெளியே தெரிய இன்னும் கொஞ்சம் சரக்கு வேண்டும். ஆக ‘ஸ்டெடியா இருக்கேன்’ என்று நிமிர்ந்து நிற்கும் மனிதரிடம் நின்றுகொண்டிருப்பது கால்தான். பொறு என்று சொல்ல வேண்டியது எப்போதோ உட்கார்ந்துவிட்டது.

இதன் கூடவே இன்னொன்றும் நடக்கிறது: கவனம் குறுகுகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசஃப்ஸும் 1990-ல் இதற்கு ‘ஆல்கஹால் கிட்டப்பார்வை’ என்று பெயர் வைத்தார்கள். குடித்தவருக்கு எதிரே பளிச்சென்று இருப்பது மட்டும் தெரியும். சற்றுத் தள்ளி இருப்பதும் நாளைக்கு நடக்கப்போவதும் கண்ணில் படாது. பங்காளி சொன்ன ஒரு வார்த்தை தெரியும். பக்கத்தில் நிற்கும் அவன் குழந்தை தெரியாது. ஸ்டேஷன், கோர்ட், வேலூர் ஜெயில் எதுவும் தெரியாது. வரப்புத் தகராறு பெரும்பாலும் வாயோடு முடிந்துவிடுவதற்குக் காரணம் இந்தத் தள்ளி இருக்கிற விஷயங்கள் நம் கண்ணுக்குத் தெரிவதுதான்.

மூன்றாவதாக ஒரு சூட்சுமம். இதை எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கில மருத்துவ ஆய்வாளர் 1919-லேயே கவனித்துவிட்டார். ஒரே ரத்த அளவாக இருந்தாலும், அது ஏறிக்கொண்டிருக்கும்போது போதை அதிகமாகவும், இறங்கிக்கொண்டிருக்கும்போது குறைவாகவும் தெரிகிறது. அதாவது இறங்கும் வழியில் நமக்குத் தெளிந்த மாதிரி ஓர் உணர்வு வந்துவிடும். ஆனால் பின்னாளில் நடந்த சோதனைகளில், உணர்வு தெளிகிற வேகத்தில் ‘பொறு’ என்று நிறுத்திக்கொள்ளும் திறன் திரும்புவதில்லை என்று தெரிந்தது. அளக்கிற தராசே கெட்டிருக்கும்போது அது காட்டும் எடையை நம்ப முடியாது, அவ்வளவுதான். “எனக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்வதும் அதே மூளைதானே!

தினமும் குடிப்பவர்களுக்குக் கால் தள்ளாடாது, நாக்கு குழறாது. உடம்பு பழகிவிட்டது. ரத்தத்தில் அளவு குறைந்துவிடவில்லை. வெளியே தெரியும் அடையாளம்தான் குறைந்திருக்கிறது. கூட இருப்பவர்களுக்கு இது இன்னும் சங்கடம், யாரிடம் எச்சரிக்கையாக இருப்பது என்றே தெரியாது.

இரும்பில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது?

‘தானா வெடிச்சிடுச்சு’ என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். தானாக வெடிப்பது அபூர்வம். யாரோ செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

உலகம் முழுக்கத் துப்பாக்கி பழக்குபவர்கள் சொல்லித்தரும் அடிப்படை விதிகள் நான்குதான். எந்தத் துப்பாக்கியையும் லோடு ஆனதாகவே நினை. சுட நினைக்காத எதன் பக்கமும் குழாயைத் திருப்பாதே. குறி வைத்து முடிவெடுக்கும் வரை விரலை ட்ரிக்கரில் வைக்காதே. சுடப்போவது என்ன, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு சுடு. இந்த நான்கில் ஒன்றாவது இரும்புக்குச் சொன்னதா? எல்லாமே பிடித்திருக்கும் ஆளுக்குச் சொன்னது. சேஃப்டி என்ற சின்ன நெம்புகோல் இருப்பது இந்த நான்கில் ஒன்று தவறினால் தாங்கிக்கொள்வதற்கு மட்டும். சரக்கு உள்ளே போனால் தவறுவது ஒன்றல்ல, நான்கும் ஒன்றாகத் தவறும்.

நம் பக்கத்து நாட்டுத்துப்பாக்கியில் அந்த நெம்புகோலும் கிடையாது. அதை ஒருமுறை கிட்டே வைத்துப் பார்த்தால் புரியும். குழாயின் வாய் வழியாகவே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ திணித்து, கம்பியால் இடித்து, பால்ரஸ் குண்டைப் போட்டு, மறுபடி திணித்து இடிக்கிறார்கள். குழாயின் அடிப்பக்கம் ஒரு சிறு முளை. அதன்மேல் கேப் எனப்படும் சின்னத் தொப்பி. தட்டினால் பொறி கிளம்பும். அதைத் தட்டுவது குதிரை என்று சொல்லப்படும் சுத்தி. இவ்வளவுதான் இயந்திரம்.

வில்லங்கம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, போட்ட மருந்தைத் திரும்ப எடுப்பது சுலபமல்ல. டபுள் பேரலை மடக்கித் தோட்டாவை உருவிவிடலாம். இதில் சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பொறுமையாகக் கம்பி விட்டுக் குடைந்து எடுக்க வேண்டும். அதனால் லோடு ஆனபடியே கூரை எறவாணத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பதை மாட்டிவைத்தவர் ஞாபகம் வைத்திருந்தால் உண்டு. இரண்டு, குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தும் பல் வருடக்கணக்கில் தேய்ந்து மழுங்கியிருக்கும். கேப் மேல் குதிரை படுத்திருக்கும்போது கீழே விழுந்தாலோ கல்லில் மோதினாலோ அந்த அதிர்ச்சியே போதும்.

இப்போது இந்தத் துப்பாக்கியோடு ஒருவர் பரணில் உட்கார்ந்திருக்கிறார். மார்கழி மாதம். தளிப் பக்கம் அந்தக் குளிர் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். குளிருக்கு இதமாக ஒரு கட்டிங். (குளிருக்கு சரக்கு நல்லது என்பதும் கதைதான். தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் விரிவதால் வெதுவெதுப்பாகத் தெரிகிறது. உண்மையில் உடம்புச் சூடு அந்த வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.) நெற்றியில் லைட். ஓர் அசைவு. வெளிச்சம் கண்ணில் பட்டபின் மறுபடி இருட்டுக்குப் பழக, குடித்த கண்ணுக்குக் கூடுதல் நேரம் எடுக்கும். கவனம் குறுகிவிட்டதால் அசைவது மட்டுமே தெரிகிறது, அது இரண்டு காலில் நடக்கிறதா நான்கு காலில் நடக்கிறதா என்று பார்க்கத் தோன்றுவதில்லை. கூட வந்தவரையே பன்றி என்று நினைத்துச் சுட்ட செய்திகள் எப்படி வருகின்றன என்று இனி வியக்க வேண்டாம்.

இறங்கும்போது கால் இடறுகிறது. இடறும் மனிதனின் கை தானாக இறுகும். எதையாவது பற்றிக்கொள்ள உடம்பு செய்யும் அனிச்சைச் செயல் அது. அந்தக் கையில் ட்ரிக்கர் இருந்தால் அதுவும் சேர்ந்தே இறுகும். இது மலையில் மட்டுமல்ல, இடுப்பில் ரிவால்வர் வைத்துக்கொண்டு பார் படிக்கட்டில் இறங்குபவருக்கும் பொருந்தும். உறையிலிருந்து நழுவும் துப்பாக்கியைத் தாவிப் பிடிக்கப் போவதுதான் மிக மோசம். பிடிக்கும் விரல் எங்கே போய் நுழையும் என்று சொல்ல முடியாது.

‘வண்டியே ஓட்டறோம்ல?’

இந்த வாதத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் தப்பு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். வண்டியில் தவறு நடக்கக் கொஞ்ச தூரமும் கொஞ்ச நேரமும் வேண்டும். பிரேக் போடலாம், ஓரம் கட்டலாம், எதிரே வருபவர் ஒதுங்கலாம். ட்ரிக்கரில் அந்த இடைவெளி இல்லை. விரல் அசைந்தபின் திரும்ப எடுக்க ஒன்றுமில்லை. வண்டிக்கு 30 என்று ஒரு எல்லை போட்டிருக்கிறார்கள். துப்பாக்கிக்கு அப்படி ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருப்பதே தவறான தேடல்.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதை எண்ணிலேயே காட்டுகின்றன. மிச்சிகன் மாநிலத்தில் வண்டிக்கு எல்லை நம் கணக்கில் 80 மி.கி. மறைத்து வைத்த கைத்துப்பாக்கியோடு இருப்பவருக்கு 20-லேயே அபராதம் ஆரம்பித்துவிடுகிறது, லைசன்ஸும் போகலாம். ஏற ஏறத் தண்டனையும் ஏறும். அரிசோனா வேறு வழியில் போகிறது. 2009-ல் வந்த சட்டப்படி, வாசலில் தடைப் பலகை இல்லாத மதுக்கடை உணவகத்துக்குள் அனுமதி பெற்றவர் துப்பாக்கியோடு போகலாம். ஆனால் குடிக்கக் கூடாது. தண்ணீரோ கோக்கோ வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ‘அமெரிக்காவுல பாருக்கே துப்பாக்கியோட போறான்’ என்று வாட்ஸ்ஆப்பில் வருவதில் இந்தக் கடைசி வரிதான் விடுபட்டுப் போகிறது.

நம் சட்டம் எங்கெல்லாம் பிடிக்கும்?

லைசன்ஸ் கேட்கும்போதே ஆரம்பிக்கிறது. விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்று வேண்டும். மனநலம், உடல்நலம் மட்டுமல்ல, போதைப்பொருளுக்கோ மதுவுக்கோ அடிமையாக இல்லை என்று அதில் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். கிடைத்தபின் லைசன்ஸ் நிபந்தனைகள் இருக்கின்றன. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்பது அவற்றில் பழைய நிபந்தனை. எருது விடும் விழாவுக்குத் துப்பாக்கியோடு போகிறவர், ஒரு சொட்டு குடிக்காவிட்டாலும், அங்கேயே நிபந்தனையை மீறிவிட்டார். நிபந்தனை மீறலுக்கு ஆயுதச் சட்டத்தின் 30-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை சின்னதாகத் தெரியலாம். ஆனால் 17-வது பிரிவின்படி லைசன்ஸையே ரத்து செய்யலாம், கன்மேனுக்கு அதோடு வேலையும் போச்சு.

சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019-ல் தனிப் பிரிவே கொண்டுவந்தார்கள். மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக அப்படிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யார் மேலும் படாவிட்டாலும் குற்றம்தான். மேலே போனது கீழே வந்துதானே ஆக வேண்டும். லைசன்ஸ் இல்லாத நாட்டுத்துப்பாக்கி என்றால் வைத்திருப்பதற்கே 2-லிருந்து 5 ஆண்டு வரை. வேட்டைக்குப் போயிருந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 தனியாக வந்து சேரும்.

யாராவது இறந்துவிட்டால்? அலட்சியத்தால் மரணம் என்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். அதற்கு மேலான பிரிவுகளும் நிலைமையைப் பொறுத்து வரலாம். இங்கேதான் நம் ஊர்ப் பேச்சில் உள்ள பெரிய தப்பெண்ணம்: ‘போதையில நடந்துடுச்சு, தெரிஞ்சு செய்யல, கோர்ட்டுல விட்டுடுவாங்க.’ விடமாட்டார்கள். தனக்குத் தெரியாமலோ வலுக்கட்டாயமாகவோ போதை ஏற்றப்பட்டவருக்குத்தான் சட்டத்தில் விலக்கு. தானாக வாங்கித் தானாகக் குடித்தவரை, குடிக்காதவருக்கு இருந்திருக்கும் அறிவு அவருக்கும் இருந்தது என்றே வைத்துக்கொண்டு கோர்ட் விசாரிக்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும் அப்படித்தான். தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்ல வருபவருக்கும் சிக்கல்தான்: அந்த நிமிடத்தில் எதிரி எவ்வளவு தூரத்தில் இருந்தான், கையில் என்ன வைத்திருந்தான் என்று சொல்ல வேண்டிய ஒரே சாட்சி அவரே. ரத்தப் பரிசோதனை 135 என்று காட்டினால் அந்தச் சாட்சியை யார் நம்புவார்கள்?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால், லைசன்ஸ் என்பது வைத்திருக்க அனுமதி. எந்த நிலையிலும் கையில் எடுக்க அனுமதியல்ல. போதை தண்டனையைக் குறைக்கும் காரணமும் அல்ல.

வெளியே யாரும் பேசாத பக்கம்

குடியும் துப்பாக்கியும் சேரும்போது குண்டு எப்போதும் அடுத்தவரை நோக்கித்தான் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். கடன், வீட்டில் சண்டை, பெயிலான பயிர் என்று மனம் உடைந்திருக்கும் ராத்திரியில், நாளைக்கு விடியும் என்பதையே மறைத்துவிடும் அந்தக் குறுகிய கவனம் மிக ஆபத்தானது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அவர் குடிக்கிறவராகவும் இருந்தால், துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிடுவது நல்லது. பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், 104-க்கும் அழைக்கலாம்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

பொறுப்பாக வைத்திருப்பவர்கள் அளவு பார்ப்பதில்லை, வரிசை பார்க்கிறார்கள். முதலில் துப்பாக்கி காலியாகி, பூட்டுக்குள் போகும். சாவி இன்னொருவரிடம் போகும், பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாவிடம். தோட்டா வேறு இடத்தில். அதற்குப் பிறகுதான் பாட்டில் மூடி திறக்கும். மறுநாள் சாவி திரும்பக் கிடைக்கும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள்: ராத்திரி குடித்திருந்தால் மறுநாள் மத்தியானம் வரை இல்லை. போதை இறங்கிவிட்டதா என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதே வராது. கன்மேன் வேலைக்குப் போகும் ஒருவர், காலை டியூட்டி என்றால் முந்தின நாள் சாயங்காலமே ‘இன்னிக்கு இல்ல மாப்ள’ என்று எழுந்து போய்விடுவார். கேலி செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

பயிர்க் காவலில் இது கஷ்டம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும், குளிர் வேறு. அங்கே உருப்படியான வழி இருவர் முறை வைத்துக்கொள்வது. குடிக்கிற ஆள் அன்றைக்குத் தகரம் தட்டட்டும், டார்ச் அடிக்கட்டும், துப்பாக்கிப் பக்கம் போக வேண்டாம்.

விசேஷத்துக்கு வெளியூர் போகிறோம், வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் பயம் என்றால், லைசன்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் வரும்போதெல்லாம் செய்து பழகிய வேலைதான் அது.

சரி, மண்டபத்தில் வேறு யாரோ குடித்துவிட்டு இடுப்பைத் தட்டித் தட்டிப் பேசுகிறார். என்ன செய்வது? அவரிடமிருந்து பிடுங்கப் போகாதீர்கள். இழுபறியில்தான் ட்ரிக்கர் அமுங்கும். “எங்க எடு பாக்கலாம்” என்று சவால் விடும் ஆளை முதலில் அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள், ஏனென்றால் போதையில் இருப்பவருக்கு எதிரே நிற்பவர் மட்டும்தான் தெரிகிறார். குழந்தைகளைச் சாப்பாட்டுப் பந்திக்கு அனுப்பிவிடுங்கள். அவர் பேச்சைக் கேட்கும் பெரியவர் ஒருத்தர், மாமனாரோ பெரியப்பாவோ எப்படியும் இருப்பார். அவரைப் பக்கவாட்டிலிருந்து வந்து, “வா மாப்ள, மேல ரூம்ல போய் உக்காரலாம்” என்று கூப்பிடச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை, அல்லது உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார் என்றால் தள்ளிப் போய் 112-க்கு அடித்து, மண்டபத்தின் பெயரையும் அவர் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.